ஜேனட் பேக்கரின் கச்சேரிப் பதிவுகளை முழுசாகத் தாருங்கள்: ஒரு திறந்த மடல்

ஜேனட் பேக்கரின் ஒலிப்பதிவுகளுக்கு உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும், அவருடைய கச்சேரிகளை ஒலிபரப்பிய வானொலிகளின் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆங்கிலப் பாடகி ஜேனட் பேக்கரை நான் மேடையில் கேட்டதில்லை. 1982இல் அவர் ஓபரா என்னும் இசை நாடகத்திலிருந்து விலகினார். 1989இல் கச்சேரிகளையும் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைத் தேடி வந்த எல்லோருக்கும் அவர் ஒலிப்பதிவாகத்தான் கிடைக்கிறார். அந்தப் பதிவுகள் இன்று உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அதனால்தான் இந்த மடல்.

அவர் பாடிய ஓபராக்களைப் பற்றி நான் கேட்க ஒன்றுமில்லை. ஓபரா என்றால் முதல் அங்கத்திலிருந்து கடைசி அங்கம் வரை முழுசாகத்தான் வெளியிடுவீர்கள். கதைச் சுருக்கமாவது எங்காவது கிடைத்துவிடும். என் கவலையெல்லாம் அவருடைய தனிக் கச்சேரிப் பதிவுகளைப் பற்றியது. ஒரு குரல், ஒரு பியானோ, இரண்டு மூன்று நிமிடம் ஓடும் சின்னச் சின்னப் பாட்டுகள். அவர் கலையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். கவனிப்பு மிகக் குறைவாகப் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

யார்க்‌ஷயரில் டான்காஸ்டர் பக்கத்தில் உள்ள ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் 1933இல் பிறந்தவர். லீட்ஸ் நகரில் வங்கி வேலை பார்த்தவர். 1953இல் லண்டன் வந்து, வியன்னாவிலிருந்து வந்து குடியேறியிருந்த ஹெலனே இசெப் என்ற ஆசிரியையிடம் கற்றார். 1956இல் பாடகி கேத்லீன் ஃபெரியர் பெயரில் நடக்கும் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார். பெண்குரலில் உச்ச ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் நடுவில் நிற்கும் மெட்ஸோ சொப்ரானோ குரல் அவருடையது. அந்தக் குரலுக்காக அவர் காலத்து இசையமைப்பாளர்கள் எழுதவும் செய்தார்கள். பெஞ்சமின் பிரிட்டன் தம் கடைசி ஆண்டுகளில் எழுதிய ‘ஃபீட்ரா’ என்ற பாடல் படைப்பு அவருக்கென்றே எழுதப்பட்டது. 1976இல் இங்கிலாந்தின் ஆல்டபரா இசை விழாவில் அவரே அதை முதன்முதலாகப் பாடினார்.

இவ்வளவு புகழ் இருந்தும், ஓபராவை அவர் பெரும்பாலும் பிரிட்டனுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கோவென்ட் கார்டன், கிளைண்ட்போர்ன், லண்டனின் ஆங்கில தேசிய ஓபரா, ஸ்காட்லாந்து ஓபரா, இவைதான் அவர் மேடைகள். வெளிநாட்டு ரசிகர்கள் அவரைக் கச்சேரி மேடையில் கேட்டார்கள், இசைத்தட்டில் கேட்டார்கள். 1966இல் நியூயார்க் டவுன் ஹாலில் அவர் பாடியதும் ஒரு தனிக் கச்சேரிதான். பிரிட்டனுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அவர் முதலில் பாட்டுக் கச்சேரிக்காரர், பிறகுதான் ஓபரா நட்சத்திரம். இதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு தட்டை எடுத்துக்கொள்கிறேன். 1960களின் நடுவில் சாகா என்ற சிறிய நிறுவனம் மலிவு விலையில் வெளியிட்டது. பியானோ வாசித்தவர் மார்ட்டின் இசெப், பேக்கரின் ஆசிரியையுடைய மகன். இந்தத் தட்டின் அச்சுத் தரம் மோசம். சரசரப்பும் கீறலுமாக இருக்கும் என்று அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் அதைக் கைவிடாமல் கேட்டார்கள். அதில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் ‘ஃப்ராவன்லீபே உண்ட் லேபன்’ இருக்கிறது. ஒரு பெண்ணின் காதலையும் வாழ்வையும் சொல்லும் எட்டுப் பாட்டு. கவிதைகள் ஷமிஸ்ஸோ எழுதியவை. ஷூமன் இசையமைத்தது 1840இல்.

முதல் பாட்டில் ஒரு பெண் ஒருவனைப் பார்த்துவிடுகிறாள். பார்த்த கணத்திலிருந்து வேறு எதுவும் கண்ணில் படவில்லை என்கிறாள். பியானோ மிக அடக்கமாக, தயங்கித் தயங்கி அடியெடுத்து வைக்கிறது. பிறகு நிச்சயதார்த்தம், கல்யாணம், மடியில் குழந்தை. எட்டாவது பாட்டில் கணவன் இறந்து கிடக்கிறான். நீ எனக்குத் தந்த முதல் வலி இதுதான் என்று தொடங்குகிறாள். பேக்கர் இங்கே குரலில் இருந்த நிறத்தையெல்லாம் வடித்துவிட்டுப் பாடுகிறார். கிட்டத்தட்ட பேச்சு. குரல் கீழே இறங்கி நின்றுவிடுகிறது. பாடகிக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. அப்போது பியானோ மட்டும் முதல் பாட்டின் இசையை மறுபடி வாசிக்கத் தொடங்குகிறது. அவள் அவனை முதன்முதலாகப் பார்த்த அந்த நாள் திரும்ப வருகிறது, அவள் குரல் இல்லாமல். மார்ட்டின் இசெப் அதை எந்த அலங்காரமும் இல்லாமல் வாசிக்கிறார்.

இப்போது இந்த எட்டாவது பாட்டைத் தனியாகப் பிய்த்து, ‘சோகமான மாலைக்கு’ என்பது போன்ற ஒரு பட்டியலில் வேறு யாரோ பாடிய பாட்டுக்கும் ஒரு படத்தின் பின்னணி இசைக்கும் நடுவில் செருகினால் என்ன ஆகும்? பாட்டு முடிந்தபின் ஏன் பியானோ இவ்வளவு நேரம் நீள்கிறது என்று கேட்பவருக்கு விளங்காது. முதல் பாட்டைக் கேட்காதவருக்கு அந்த இசை திரும்பி வருகிறது என்பதே தெரியாது. நான் பயன்படுத்திய ஒரு செயலியில் இப்படித்தான் அது என் காதுக்கு வந்தது. அடுத்த பாட்டு தானாகத் தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

பாட்டுகளை வரிசையாக அடுக்குவதும் பேக்கர் போன்றவர்களுக்குக் கலையின் ஒரு பகுதி. ‘எ பேஜென்ட் ஆஃப் இங்கிலிஷ் சாங்’ என்று இஎம்ஐ நிறுவனம் வெளியிட்ட தட்டைப் பாருங்கள். 1597 முதல் 1961 வரை எழுதப்பட்ட ஆங்கிலப் பாட்டுகள். பழைய இசையமைப்பாளர் டௌலண்ட் காலத்துக்கு ராபர்ட் ஸ்பென்சரின் லூட் என்ற நரம்பு வாத்தியம், அடுத்த காலத்துக்கு மார்ட்டின் இசெப்பின் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசை வாத்தியம், பிறகு ஜெரால்ட் மூரின் பியானோ. பாட்டுக்குப் பாட்டு நூற்றாண்டுகள் நகர, பக்க வாத்தியமும் மாறுகிறது. ஒரே குரல் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகிறது. லூட்டின் மெல்லிய நரம்பொலிக்கு ஏற்பக் குரலைச் சுருக்கியவர், பியானோ வந்ததும் எப்படி விரிக்கிறார் என்பது வரிசையாகக் கேட்டால்தான் பிடிபடும். பன்னிரண்டு பாட்டை உருவி வேறொரு தொகுப்பில் போட்டுவிட்டால் மிஞ்சுவது பன்னிரண்டு நல்ல பாட்டு. அவ்வளவுதான்.

அடுத்தது சொற்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. பிரெஞ்சும் தெரியாது. பேக்கர் வழியாக ஷூபர்ட், ஃபோரே என்ற இசையமைப்பாளர்களின் பாட்டுகள் எனக்குள் வந்தது, தட்டோடு அச்சாகி வந்த பாடல் வரிகளையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விரல் வைத்துத் தொடர்ந்து படித்ததால்தான். பழைய கடையில் வாங்கிய பெட்டி ஒன்றின் கையேடு முனை மடிந்து, தைத்த இடம் விட்டுப்போய், இன்னும் என்னிடம் இருக்கிறது. ஷூபர்ட் 17 வயதில், 1814 அக்டோபரில் எழுதிய ‘கிரெட்சன் அம் ஷ்பின்ராடே’யை, பேக்கர் ஜெரால்ட் மூருடன் பாடியதை, அந்தக் கையேட்டோடு கேட்டேன். ராட்டையில் நூற்றுக்கொண்டே ஒரு பெண் பாடுகிறாள். சக்கரத்தின் சுழற்சியை பியானோவின் வலது கை விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. அவள் அவனுடைய நடையை, தோற்றத்தை, கை பிடித்ததை நினைத்துக்கொண்டே வந்து, அவன் தந்த முத்தத்தை நினைத்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது. பியானோவில் ஒரு நீண்ட மௌனம். பிறகு ஒரு சின்ன உந்தல், அது பலிக்கவில்லை. இன்னொரு உந்தல். மெதுவாக மறுபடி சுற்றத் தொடங்குகிறது.

அந்த ஒரு வார்த்தை முத்தம் என்று தெரியாதவருக்கு அந்த இடத்தில் பியானோ ஏதோ காரணத்துக்காக நிற்கிறது, அவ்வளவே. தெரிந்தவருக்கு, அந்த வார்த்தையில் பேக்கர் குரலை எவ்வளவு ஏற்றி, அப்படியே அறுத்து நிறுத்துகிறார் என்பதும், மூர் அந்த முதல் உந்தலை எவ்வளவு பலவீனமாக வைக்கிறார் என்பதும் கேட்கும். சொல் தெரியாமல் கேட்டால் இந்தக் கலையில் பாதிதான் காதில் விழும். இணைய வெளியீடுகளில் பெரும்பாலும் வரியும் இல்லை, பொருளும் இல்லை. கதே, ஷமிஸ்ஸோ, ருக்கெர்ட் போன்றவர்களின் கவிதைகளுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய கையேடுகளில் மொழிபெயர்ப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன. மொழிபெயர்த்தவர்களுக்கு உரிய தொகையைக் கொடுத்து, அவற்றைப் பதிவோடு சேர்த்துத் தருவதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

பியானோக்காரரின் பெயரையும் சொல்ல வேண்டும். பட்டியலில் பேக்கர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். வாசித்தவரைத் தேடினால் சில வேளை கிடைக்கவே கிடைக்காது. ‘ஃப்ராவன்லீபே’யை பேக்கர் இசெப்புடன் பாடியது ஒன்று, பிறகு 1970களில் டேனியல் பேரன்பாயிமுடன் பாடியது இன்னொன்று. என் காதுக்கு முதலாவது, நடப்பதை அப்போதே அனுபவிக்கும் இளம்பெண். இரண்டாவது, எல்லாம் முடிந்தபின் நினைத்துப் பார்க்கும் பெண். எனக்கு இசெப்புடன் பாடியதுதான் பிடிக்கும். வேறொருவருக்கு மற்றது பிடிக்கலாம். ஆனால் எது எது என்று தெரிந்தால்தானே இந்தப் பேச்சுக்கே இடம் உண்டு. ஆண்டும் இடமும் வாசித்தவரும் இல்லாமல் வெறும் தலைப்போடு இரண்டையும் போட்டால், கேட்பவர் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதைத் தேடாமலே போய்விடுவார். ஜெரால்ட் மூர் 1967இல் மேடைக்கு விடை கொடுத்தபிறகும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து பேக்கருக்கு வாசித்தார். பியானோ கலைஞர் கிரஹாம் ஜான்சன், ஹைபீரியன் நிறுவனத்துக்காக ஷூபர்ட்டின் பாட்டுகள் அனைத்தையும் 37 தொகுதிகளாகப் பதிவு செய்யத் துணிந்தபோது, முதல் தொகுதியைப் பாடியவர் பேக்கர்தான். தம் பாட்டு வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒருவர், இன்னொருவரின் மாபெரும் வேலைக்கு வாசல் திறந்துவிட்டார். இந்த விவரம் தெரிந்து கேட்டால் அந்தத் தட்டே வேறு மாதிரி ஒலிக்கிறது.

இன்னொரு சிக்கல், பதிவுகள் பல கைகளில் சிதறிக் கிடப்பது. இஎம்ஐ 2012இல் யுனிவர்சலிடம் போனது. அதன் செவ்வியல் இசைப் பட்டியல் 2013இல் வார்னரிடம் வந்தது. பிலிப்ஸ், டெக்கா பதிவுகள் யுனிவர்சலிடம். 2023இல் ஹைபீரியனும் அங்கேயே சேர்ந்தது. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்தான். ஆனால் பேக்கர் ஒருவர்தானே. ஓபரா மேடையில் ஆர்ஃபியஸாக நின்ற அதே குரல்தான் பிலிப்ஸுக்காக ‘ஆரியே அமோரோஸே’யில் பழைய இத்தாலியக் காதல் பாட்டுகளைப் பாடியது. நீங்கள் கூட்டாகப் பெட்டி போட வேண்டும் என்று கேட்கவில்லை. அவருடைய கச்சேரிப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஆண்டு, இடம், பக்க வாத்தியம், மூலத் தட்டு எண்ணோடு ஒரு பொதுப் பட்டியலை மட்டுமாவது சேர்ந்து வெளியிடுங்கள். எது யாரிடம் இருக்கிறது என்று ரசிகர்கள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வானொலிக் காப்பகங்களுக்கு ஒரு வார்த்தை. நேரடிக் கச்சேரியில் பேக்கர் வேறு ஆள். 1969இல் லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில் ஜெர்மன் பாடகர் டீட்ரிஷ் ஃபிஷர் டீஸ்காவுடன், பேரன்பாயிம் பியானோவில் இருக்க, அவர் பாடிய இருவர் பாட்டுகள் மேடையிலேயே பதிவானவை. அதில் ஒருவர் மூச்சை இன்னொருவர் கவனித்துப் பாடுவது அப்படியே கேட்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனை முறை எடுத்து ஒட்டினாலும் அது வராது. பிபிசி லெஜண்ட்ஸ் என்ற பெயரில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஒலிபரப்புகள் குறுந்தகடாக வந்தன. பேக்கரின் கச்சேரிகளும் அவற்றில் இருந்தன. அந்த முயற்சியை மறுபடி தொடங்குங்கள். நாடாக்களுக்கு வயதாகிறது. எதையும் வெளியிட முடியாவிட்டாலும், கையில் என்ன இருக்கிறது என்ற பட்டியலையாவது மக்கள் பார்க்கும்படி வையுங்கள்.

ஒலியைத் திருத்தும்போதும் கை அடக்கமாக இருங்கள். பார்பிரோலி வாத்தியக் குழுவை நடத்த 1960களில் பேக்கர் பாடிய மாலரின் பாட்டுகள் வாத்தியக் குழுவோடு பாடியவை, இந்த மடலின் எல்லைக்குச் சற்று வெளியே. ஆனால் ‘இஷ் பின் டேர் வெல்ட் அப்ஹாண்டன் கெகொம்மன்’ முடிவில், நான் என் பாட்டுக்குள் தனியாக வாழ்கிறேன் என்ற இடத்தில், குரல் கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்குத் தணிகிறது. சிறிய ஒலிபெருக்கிக்கு ஏற்ப அதைத் தூக்கி விட்டால், பேக்கர் அங்கே செய்த வேலையே வீணாகிவிடும். இரைச்சலை முழுக்கத் துடைக்க வேண்டாம். கூடத்தின் காற்று இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது தெரியும். ஒன்றிலிருந்து தொடங்கலாம். சாகா தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்றைய உரிமையாளர், கிடைக்கும் நல்ல மூல நாடாவிலிருந்து அதை மாற்றி, முதலில் வந்த வரிசை குலையாமல், ஷமிஸ்ஸோவின் எட்டுக் கவிதைகளையும் பொருளோடு சேர்த்து, மார்ட்டின் இசெப்பின் பெயரை பேக்கரின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட்டு வெளியிடட்டும். எட்டாவது பாட்டின் பியானோ முடிந்தபின் அடுத்தது தானாக ஓடாதபடி சில நொடி இடைவெளி விடுங்கள். எங்கள் மொழியில் அந்தக் கவிதைகளின் பொருள் வேண்டும் என்றால், ஜெர்மனும் தமிழும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தரும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஜேனட் பேக்கரின் ரசிகர்களில் ஒருவன்