அமெரிக்காவின் ஆஸ்டினிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மலர் எழுதிய கடிதம் வந்தது. நீ சொல்லச் சொல்லத்தான் எழுதியிருக்கிறாள். பாதிக் கடிதம் ‘சாப்பிடுறியா’தான். நன்றாகச் சாப்பிடுகிறேன். புளி கிடைக்கிறது, கருவேப்பிலைதான் யானை விலை.

குகைக்குள்ளே அப்படி என்ன பார்க்கிறான் என்று பெரியப்பா கேட்டாராமே. கீழக்குயில்குடி சமணர் படுக்கை மாதிரி காற்று வரும் இடமில்லை. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்த பொந்து, வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். உள்ளே ஹார்வெஸ்ட்மேன் என்றொரு பூச்சி, கடுகளவு உடம்பு. சிலந்திக்குத் தூரத்து உறவு, ஆனால் நூல் விடாது, விஷமும் கிடையாது. இந்த ஊர்க் குகைகளில் இருப்பதற்கு டெக்செல்லா ரெயேசி என்று 1992-ல் பெயர் வைத்தார்கள். வெளிறிய ஆரஞ்சு நிறம், நீளநீளமாகக் கால். கண் இருந்த மேடு மட்டும் இன்னும் நிற்கிறது, பார்வை இல்லை.

பயன்படுத்தாமல் அவிந்துபோனதா என்பார் பெரியப்பா. அப்படியில்லை. பிறவியிலேயே கண் மங்கிய பூச்சி வெளியே இருந்தால் எதன் வாய்க்காவது போயிருக்கும். இருட்டில் அந்தக் குறை ஒன்றும் செய்யாது, அதுவும் முட்டையிட்டுப் பெருகும். கால் நீண்ட பூச்சி எட்டத் தடவி இரை பிடிக்கும். அதன் வம்சம்தான் தழைக்கும். இரண்டாம் ஜோடிக் கால் நடக்க அல்ல, தடவிப் பார்க்கத்தான். இப்படியே எத்தனையோ தலைமுறை.

உள்ளே செடி முளைக்காது. இரவில் வெளியே மேயப் போய்த் திரும்பும் சுவர்க்கோழிகளின் எச்சமும் முட்டையும்தான் அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் படியளக்கிறது. இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தி வரும், பேங்க்கில் ஏதோ மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை.

கீழ்வீட்டுக் கிழவர் நாய்க்கு ஸ்வெட்டர் போட்டு, தான் பனியனோடு நடப்பார். ராத்திரி யாரோடு பேசுகிறாய் என்று நேற்றுக் கேட்டார். பாட்டு வைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் குகையில் விளக்கை அணைத்ததும் ஈர மண் வாசம். நம்ம கண்மாய்க்கரைதான் அம்மா, அதே வாசம். கூட வந்தவர்கள் மேலே ஏறிய பிறகும் எனக்கு எழுந்திரிக்க மனசில்லை. கண்மாய் நிறைந்ததா? மலர் அதை எழுதவே இல்லை.

அப்புறம், மாமா வீட்டுக் காதுகுத்துக்கு மொய் நோட்டைப் பார்த்து, அவர் நமக்கு எழுதியதற்கு மேலே கூட்டி எழுது. அதற்காகச் செயினை அடகு வைக்காதே. மோட்டார் ரிப்பேரில் சித்தப்பா பங்கைப் பெரியப்பாவை விட்டுக் கேள், நீ கேட்டால் சண்டையாகும். திருமங்கலத்துக்காரர்கள் மறுபடி வந்தால், மலர் பி.எட். முடிக்கட்டும் என்று சொல்.

இப்படிக்கு,
செல்வம்