பூச்சி மாத்திரை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் வயிற்றில் பூச்சி இருப்பது சகஜம்தானே என்று பலரும் விட்டுவிடுகிறோம். பரவலாக இருப்பது உண்மைதான். உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண் வழியாகப் பரவும் குடற்புழுத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றான கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளை வெளுத்துப்போய் வகுப்பில் சோர்ந்து கிடக்கும். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அதையே திட்டுவோம்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. எங்கள் பகுதி அங்கன்வாடியில் ஒரு தாய் மாத்திரையைத் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். "இவனுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு?" என்றார். லேசான தொற்று வெளியே தெரியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரையை ஊழியர் கண்முன்னே மென்று விழுங்க வைக்க வேண்டும்.

மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுபடி தொற்றுவதைத் தடுக்காது. இன்னொரு குடற்புழுவான உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்; கழுவாத கையோடு சாப்பிட்டால் வயிற்றுக்குள் போய்விடும். நான் பார்த்த பள்ளிகள் சிலவற்றில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் வந்தால் சோப்பு இல்லை. மாத்திரைக்குச் செலவிடும் அரசு, சத்துணவுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் சோப்புப் போட்டுக் கை கழுவவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்