செயலாளரின் ஆண்டறிக்கை: போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான உளவளத்துணை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், மழையையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உளவளத்துணைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற தொகையை இந்த முறையும் நான் எழுதவில்லை. முல்லைத்தீவின் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இன்ன கிராமம், இத்தனை பிள்ளைகள் என்று சொன்னாலே யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பதிவேடு பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. பெயர்கள் மறைத்த பிரதியைக் கணக்காய்வாளர் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்.

இந்த ஆண்டு எங்கள் வேலையின் போக்கு மாறியது. வன்னியில் 2009இல் முடிந்த இறுதிப் போரைக் கண்ட பிள்ளைகளுக்காகவே சங்கத்தைத் தொடங்கினோம். உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று பங்கர் பங்கராக, பதுங்குகுழி மாறி மாறி ஓடி, ஓமந்தை தாண்டி, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் முள்கம்பிக்குள் இருந்தவர்கள் அவர்கள். 2009இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தாயாகவோ தகப்பனாகவோ இருக்கிறார். அவருடைய பிள்ளை ஷெல் சத்தத்தைக் கேட்டதேயில்லை. ஆனால் பாடசாலைகள் எங்களிடம் அனுப்புவது அந்தப் பிள்ளையைத்தான். வகுப்பில் வாய் திறப்பதில்லை, சின்ன விஷயத்துக்கும் கைநீட்டுகிறான், இரவில் படுக்கையை நனைக்கிறாள் என்று கடிதம் வருகிறது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேறு கதை. தாய்க்கு நித்திரை இல்லை. தகப்பன் பின்னேரமானால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடிக்கப் போகிறார். பிள்ளை பாடசாலையால் வர அரை மணித்தியாலம் பிந்தினால் தாய் றோட்டுக்கு வந்து கத்துகிறார். பிள்ளைகள் பிரிந்துபோன ஒரு நாளைக் கண்டவர் அவர், வேறென்ன செய்வார்? உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று பல ஆண்டுகளாக எழுதிவருவது இதைத்தான். போர் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தின் உறவுமுறையையும் ஊரின் நம்பிக்கையையும் சேர்த்தே குலைக்கிறது. ஆகவே, வீட்டுப் பெரியவர் ஒருவரோடாவது பேசாமல் எந்தப் பிள்ளைக்கும் தொடர் அமர்வு வைப்பதில்லை என்று நிர்வாகசபை முடிவெடுத்தது. இதனால் வேலை மெதுவானது உண்மை. ஆனாலும் பிள்ளையை மட்டும் கூப்பிட்டுப் படம் வரையவிட்டு அதே வீட்டுக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உயிர்க்கோட்டு முறையை இந்த ஆண்டு பெரியவர்களுக்கும் செய்தோம். ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. நிலத்தில் ஒரு கயிற்றை விரிக்கிறோம். ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். கயிற்றின் மறுமுனையைச் சுருட்டியே விடுவோம், அது இனி வரப்போகும் வாழ்க்கை. பிறகு வரும் அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, எந்த இடம், எந்த நேரம், என்ன கேட்டது, உடம்பில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லவைத்து எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுகிறோம். நினைவு சிதறிக் கிடக்கும்வரை அது இப்போதே நடப்பதுபோல வந்து அடிக்கும். நாளும் இடமும் கிடைத்தால்தான் பழையது பழையதாகிறது. கல் மட்டும் வைத்துவிட்டுப் பூவைத் தொடாதவர்கள் இருந்தார்கள். அவர்களை அவசரப்படுத்தவில்லை.

இந்த முறையைவிட, சாந்தமாக இருந்து மூச்சைக் கவனிப்பதும், ஓம் என்றோ தம் சமயத்துக்கு ஏற்ற வேறொரு சொல்லையோ மனதுக்குள் சொல்வதும் மேல் என்று மூத்த உளவளத்துணையாளர் ஒருவர் வாதாடினார். கூட்டத்தில் நல்ல சூடு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இந்த முறையில் தம் கதையைச் சொன்ன பிள்ளைகளும் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரேயளவில்தான் தேறியிருந்தார்கள். சரி, இரண்டையும் வைத்துக்கொள்வோம், ஆளைப் பார்த்துத் தெரிவோம் என்று முடித்தோம்.

எங்களை வழி தெரியாமல் நிற்கவைப்பது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள்தான். செத்தவீடு நடந்தால் எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம் என்று துக்கத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இவர்களுக்கு எதுவும் இல்லை. திவசம் செய்தால் தானே கொன்றதாகிவிடும் என்கிறார் தாய். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்றவர்களுக்கு, காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் பெற 2016இல் சட்டம் வந்தது. காணி, வங்கி அலுவலுக்கு அது உதவுகிறது, மனதுக்கு அல்ல. 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற சொல்லை எங்கள் உளவளத்துணையாளர்கள் இந்த வீடுகளில் சொல்லக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி. தகப்பன் வருவாரா என்று பிள்ளை கேட்டால், தெரியாது, தேடுகிறோம் என்ற உண்மையைச் சொல்லத் தாய்மாருக்குத் துணைநிற்கிறோம். வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் கோபம் பெரியது.

போர் முள்ளிவாய்க்காலில் முடிந்த மே மாதம் வழக்கம்போலக் கடினம். தலையிடி, நெஞ்செரிவு, பெருமூச்சு என்று மருந்துக்கு வருபவர்களில் பலருக்கு நாட்காட்டிதான் நோய். முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சும் நாட்களில் எங்கள் ஆட்கள் அங்கேயே போய் இருந்தார்கள், பதாகை இல்லாமல்.

ஆசிரியர்களுக்கு ஒரு நாள் செயலமர்வு வைத்தோம். பட்டாசு வெடித்தால் மேசைக்குக் கீழ் போகும் பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது, அடிக்காமல் வகுப்பை நடத்துவது பற்றிப் பேசினோம். உடம்புக்குள் ஷெல் துண்டோடு வாழும் பெற்றோரால் வெயிலில் நின்று கூலிவேலை செய்ய முடியாது, அந்த வீட்டுப் பிள்ளை கொப்பி இல்லாமல் வருவது அலட்சியத்தால் அல்ல என்பதையும் சொன்னோம்.

ஒரு நிதி நிறுவனம் நீண்ட வினாக்கொத்தோடு வந்தது. ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கேட்டு எழுதித் தந்தால் உதவி என்றது. மறுத்தோம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கிளறிவிட்டுப் போவது பயன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. பணம் போனது. பொருளாளருக்கு இன்னும் மனத்தாங்கல்.

தற்கொலை எண்ணம் சொன்னவர்களையும், மருந்து தேவைப்பட்டவர்களையும் மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனோம். இரவில் மனநல உதவி வேண்டுமானால் 1926, சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929 என்ற இலக்கங்களை எல்லா முன்பள்ளிகளிலும் ஒட்டியிருக்கிறோம்.

எங்கள் உளவளத்துணையாளர்களும் அதே பங்கர்களில் இருந்தவர்கள்தான். மாதம் ஒருமுறை அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேச யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மருத்துவர் வந்தார். மாத இறுதியில் அந்தக் கூட்டத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதற்கு விடுமுறை இல்லை.

சபையின் அனுமதிக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, உளவளத்துணை அறையை வாசிகசாலைக் கட்டடத்தின் பின்பக்கம் மாற்றுவது, பலகை எதுவும் தொங்கவிடாமல். பத்திரிகை வாசிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வரலாம். இரண்டு, வீடு பார்க்கப் போகும் உளவளத்துணையாளர்களுக்கு மோட்டார் சைக்கிள் எரிபொருள் படியை உயர்த்துவது. முன்மொழியவும் வழிமொழியவும் அங்கத்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்