அலுமாரிச் சாவியைக் கொஞ்சம் கொடுங்கள்

எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தரம் 1 இல் படிக்கும் என் தங்கை மகளின் கொப்பியில் சென்ற வாரம் சிவப்பு மையில் ஒரு வரி வந்திருந்தது: 'வீட்டில் கவனிப்பதில்லை.' அதை வாசிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. தாய் குவைத்தில். பிள்ளை அம்மம்மாவோடு, அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதுதான் அந்த வரி வாசிக்கப்பட்டது.

வீட்டுவேலை வாட்ஸ்அப்பில் தாய்க்குப் போகிறது. வேலை முடித்து அவள் அதைத் திறக்கும்போது அங்கே இரவு பத்து மணி, இங்கே பன்னிரண்டரை. பிள்ளை அயர்ந்து தூங்குகிறது. கவனிப்பதில்லை என்பது சரிதான்.

அன்று பாடநூலைத் திறந்து வைத்தேன். 'பட்டம்' என்று டக்கென்று வாசித்தாள். படத்தைப் பெருவிரலால் மறைத்தேன். பேச்சே இல்லை. எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். சேர்த்து வாசிக்கத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து நகர்த்தச் சொன்னேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, படம் இல்லாமலே, 'பட்டம்' என்றாள். பிறகு வேறு புத்தகம் கேட்டாள். கொடுப்பதற்கு அந்த வீட்டில் இருந்தது மின்கட்டணப் பட்டியல் ஒன்றுதான்.

பாடசாலையில் கதைப்புத்தகங்கள் இருக்கின்றன, கண்ணாடி அலுமாரியில், பூட்டோடு. 'பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள்' என்றார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம் கொடுத்து, திங்கட்கிழமை திருப்பி வாங்குங்கள். எழுத்தறியாத அம்மம்மாவுக்கும் அது உதவும். பிள்ளை வாசிக்க, 'பிறகு என்ன நடந்தது?' என்று கேட்க அவருக்கு எழுத்துத் தேவையில்லை.

கணக்குக்கு உங்களை நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. இவள் நூறு வரை பாட்டாய் ஒப்புவிப்பாள். ஏழு புளியங்கொட்டை எடு என்றால் ஒரே கொட்டையை இரண்டு முறை எண்ணுவாள். பன்பாய் இழைக்கும் அம்மம்மா, எண்ணிய கொட்டையை மற்றப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதற்கு நிழற்பிரதி எடுத்த பயிற்சித் தாளும் வேண்டியிருக்கவில்லை, தாளுக்குக் காசும் வேண்டியிருக்கவில்லை.

இலவசக் கல்வி 1945 இலிருந்து இருக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு எல்லாம் வந்துவிட்டது: ரியூசன் விளம்பரம் வந்தது, தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்தவர்களுக்குச் சந்திக்குச் சந்தி பதாகை வந்தது. முதற்சொல்லை வாசித்த பிள்ளைக்கு யாரும் பதாகை கட்டுவதில்லை. கட்டவும் வேண்டாம். அந்தத் துணிக்காசில் நாலு கதைப்புத்தகம் வாங்கலாம் என்று சொல்ல வந்தேன். கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்க வேண்டும்.

ஆசிரியைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புத்தகம் தொலைந்தால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, வெள்ளி கொடுத்துத் திங்கள் வாங்கலாம், கிழிந்தால் அவர்கள் பொறுப்பல்ல என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்பிவையுங்கள். தயவாய்க் கேட்கிறேன். கிழிந்த பக்கங்களை ஒட்டப் பசையும் தாளும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு பெரியம்மா