பசங்க வாயசைக்க வேணாம், பாடட்டும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல நம்ம பக்கத்து ஸ்கூல் ஆண்டு விழா போட்டோவெல்லாம் அரை பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க, பசங்க ஜிகினா டிரெஸ் போட்டு தலையில அட்டை கிரீடம் வச்சு ரொம்ப அழகா இருந்தாங்க, பாக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அத்தன போட்டோவுலயும் ஒரு புள்ளகூட வாயத் தொறந்து பாடல. பென் டிரைவ்ல சினிமா பாட்டு ஓடும், பசங்க ஆடுவாங்க, நடுவுல நாடகம்னு ஒன்னு வந்தா அதுக்கும் வசனத்த முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டுட்டு பசங்கள வாய மட்டும் அசைக்கச் சொல்லிடறாங்க. எல்லா ஊர்லயும் இப்ப இதுதான் வழக்கமாயிடுச்சு, இதப் பத்தி எழுதணும் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்தது, அதான் இந்த லெட்டர்.

நான் பாபநாசம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில பகுதி நேர பாட்டு டீச்சர். வாரத்துக்கு மூணு அரை நாள் போறேன், ஆறாவது ஏழாவது எட்டாவது பசங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றேன், வருஷத்துக்கு ஒரு இசை நாடகம் போட வைக்கிறேன். இந்த வயசுப் பசங்களோட இருந்து நான் கத்துக்கிட்டது ஒன்னு இருக்கு, அத பெத்தவங்களும் மத்த டீச்சர்களும் தெரிஞ்சுக்கணும்.

முன்னாடி வேற ஒரு ஸ்கூல்ல வேலை பாத்தப்ப ஒரு பையன் இருந்தான். ஆறாவது படிக்கறப்ப காலையில ப்ரேயர்ல தமிழ்த்தாய் வாழ்த்த அவன்தான் எடுத்துக் குடுப்பான், மைக்கே வேணாம், கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேக்கும். எட்டாவது வந்தப்ப ஒரு நாள் மேல போற எடத்துல குரல் கீச்சுன்னு பிச்சுக்கிச்சு, மொத்த ஸ்கூலும் சிரிச்சிடுச்சு. ஆண்டு விழா பொறுப்புல இருந்தவங்க "நீ வாய மட்டும் அசைடா தம்பி, பாட்டு நான் போட்டுக்குறேன்"னாங்க. கெட்ட மனசுல சொல்லல, விழா நல்லபடியா நடக்கணுமேன்னுதான் சொன்னாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன், அப்ப எனக்கும் வெவரம் தெரியாது, ஒன்னும் சொல்லாம இருந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பையன் பாடவே இல்ல. இப்ப பெரிய ஆளாயிட்டான், பழக்கடை வச்சிருக்கான், கடைக்குப் போனா ரெண்டு பழம் கூட வச்சுக் குடுத்துட்டு "டீச்சர், நான் முன்னாடி நல்லா பாடுவேன்ல"ன்னு கேப்பான். அந்த "முன்னாடி"ங்கிற வார்த்தைய என்னால தாங்கிக்க முடியல.

குரல் உடையுறதுன்னா தொண்டை கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்லீங்க. குரல்வளை பெருசாகுது, குரல் நாண் நீளமாவும் தடிமனாவும் வளருது, அதனால ஆம்பளப் பசங்களுக்கு சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் "ச"வுலேர்ந்து கீழ் "ச" வரைக்கும் உள்ள அளவு, கீழ எறங்கிடுது. நேத்து வரைக்கும் சைக்கிள் ஓட்டுனவன் கையில திடீர்னு டிராக்டர் ஸ்டீரிங்க குடுத்தா எப்படி இருக்கும், அதுதான், பழகுற வரைக்கும் அங்க இங்க இழுக்கும். பொண்ணுங்களுக்கும் மாறும், அவ்வளவா எறங்காது, ஆனா குரல்ல காத்து கலந்து வரும், அத கவனிக்காம "சத்தமாப் பாடு சத்தமாப் பாடு"ன்னு வெரட்டுனா தொண்டை கட்டிக்கும். அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகள்ல இதத்தான் மகரக்கட்டு உடையுறதுன்னு சொல்லுவாங்க. ஸ்திரீபார்ட்டு, அதாவது பொம்பள வேஷம், போட்டு ஊரையே கட்டிப் போட்ட பையனா இருந்தாலும் மகரக்கட்டு உடைஞ்சா பார்ட்டு போயிடும். அவங்களுக்கு அது பொழப்பு, டிக்கெட் போட்டு கூட்டம் சேக்கணும், வேற வழியில்லாம இருந்திருக்கலாம். நம்ம ஸ்கூல்ல யாரும் டிக்கெட் போடல, அப்புறம் ஏன் புள்ளையோட வாய அடைக்கணும்?

பாட்டுக்காகப் புள்ளைய மாத்த முடியாது, புள்ளைக்காகப் பாட்ட மாத்தலாம், இது ரொம்ப சுலபம். அமெரிக்காவுல பிராட்வே ஜூனியர்னே ஒன்னு வச்சிருக்காங்க, ரெண்டரை மணி நேரம் ஓடுற பெரிய இசை நாடகத்த இந்த வயசுப் பசங்களுக்காக ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, சுருதியையும் அவங்க தொண்டைக்கு எட்டுற மாதிரி மாத்திக் குடுக்குறாங்க. அத நாம காசு குடுத்து வாங்கணும்னு நான் சொல்லல, நம்ம கிட்ட இல்லாத கதையா இல்லாத மெட்டா. அந்த வேலைய எவ்வளவு அக்கறையா பண்றாங்கன்னு பாருங்கன்னுதான் சொல்றேன்.

இந்த வருஷம் எங்க பசங்க போடுற நாடகம் தண்ணி தொறக்குற கதை. ஜூன் 12 மேட்டூர் தொறந்து, தண்ணி கல்லணைக்கு வந்து, அங்கேர்ந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலாப் பிரியுதுல்ல, அந்த நாலையும் கூடப்பொறந்தவங்களா ஆக்கிட்டாங்க பசங்க. கொள்ளிடம்தான் பெரியண்ணன், வெள்ளம் வந்தா மட்டும் முழுசா எழுந்திருப்பாரு. கதை மொத்தமும் அவங்க பேசிப் பேசி உண்டாக்குனது, நான் எழுதி வச்சதோட சரி. கடைமடையில தலைஞாயிறு பக்கம் ஒரு தாத்தா வாய்க்கால் கரையில ஒக்காந்து தண்ணிக்குக் காத்திருக்காரு, அவருக்குத் தண்ணி வந்து சேருதாங்கிறதுதான் நாடகம்.

அந்தத் தாத்தா பார்ட்டு எட்டாவது பையன் ஒருத்தனுக்கு. அவனுக்கு இப்பதான் குரல் உடையுது, ஜூலை மாசத்துலேர்ந்து பாட்டு பீரியட்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான். ஒரு நாள் எல்லாரும் போனப்புறம் போன்ல சுருதிப் பெட்டி ஆப்ப போட்டு, பொண்ணுங்க பாடுற அதே அஞ்சு கட்டை சுருதியில வச்சு, ச ரி க ம ப த நின்னு ஒவ்வொரு சுரமா பாடச் சொன்னேன். சட்ஜம் நிக்குது, ரிஷபம் நிக்குது, காந்தாரத்துக்குப் போனா ஆடுது, மத்யமத்துல பிச்சுக்குது. சரி கீழ போடான்னேன். நிஷாதம், தைவதம், கீழ் பஞ்சமம் வரைக்கும் ஜம்முனு எறங்குறான், அவனுக்கே ஆச்சரியம், "டீச்சர் இது எங்கப்பா குரல் மாதிரி இருக்கு"ங்கறான். கீழ் பஞ்சமத்துலேர்ந்து ரிஷபம் வரைக்கும் மொத்தம் அஞ்சு சுரம். அஞ்சு சுரம் போதும்டா ஒரு பாட்டுக்குன்னு சொல்லி, அந்த அஞ்சுக்குள்ளயே தாத்தாவுக்கு ஒரு மெட்டு போட்டோம். "தண்ணி வருது தண்ணி வருதுன்னு சொன்னியே, தலைஞாயிறு வாய்க்கால எட்டிப் பாத்தியா"ன்னு ஆரம்பிக்கும். வரி அவனே எழுதுனது. பன்னெண்டு வயசுப் புள்ளைங்க கோரஸ் மேல போகுது, இவன் அடியில நிக்கிறான், வயசான மனுஷன் கேக்குற மாதிரியே இருக்கு. ரிகர்சல்ல மொத தடவை பாடி முடிச்சப்ப யாரும் சிரிக்கல. இதுக்கு நடுவுல அவன் குரல் இன்னும் மாறும், மாசத்துக்கு ஒரு தடவை சுரம் தேடிப் பாத்துக்கிட்டே இருக்கணும், தேவைப்பட்டா மெட்ட மாத்தணும், அதையும் அவன் கிட்ட சொல்லிட்டேன்.

நம்ம சங்கீதத்துலயே இதுக்கு வழி இருக்குங்க. நவரோஜ், செஞ்சுருட்டி மாதிரி ராகமெல்லாம் மேல் சட்ஜத்துக்கே போகாது, மத்யமத்த சுருதியா வச்சுப் பாடுவாங்க, தாலாட்டும் சிந்தும் அதுலதான நெறைய இருக்கு. குரல் உடையுற பசங்களுக்கு இந்த ராகங்கள்தான் கை குடுக்குது. குரல் நல்லா எறங்கி நின்ன பசங்க நாலஞ்சு பேர் இருந்தா அவங்கள ஒரு கட்டைங்கிற கீழ் சுருதியில பாட விட்டு, பொண்ணுங்கள அஞ்சு கட்டையில வைக்கலாம். ஒரு கட்டைக்குப் பஞ்சமம்தான் அஞ்சு கட்டைக்கு சட்ஜம், பசங்க "ப"வுல முடிச்சா பொண்ணுங்க அதையே "ச"ன்னு புடிச்சுக்கிட்டு மேல போவாங்க. கேள்வி பதில் பாட்டுக்கு இத விட என்ன வேணும். ஆர்மோனியத்துல ஒரு கட்டை தள்ளி வைக்கறதுக்குக் காசு செலவில்ல, கேட்டுப் பாத்து வைக்கணும், அவ்வளவுதான்.

நடவு சீனுக்கு ஆறாவது படிக்குற ஒரு பொண்ணு அவங்க அப்பாயிய கூட்டிட்டு வந்துச்சு. அந்தம்மா மொதல்ல கூச்சப்பட்டாங்க, அப்புறம் வாசப்படியில ஒக்காந்து வெத்தலையத் துப்பிட்டு நடவுப் பாட்டு ஒன்ன எடுத்தாங்க பாருங்க, ஒருத்தர் எடுக்க மத்தவங்க வாங்கிப் பாடுற பாட்டு. எங்க மூச்சு விடணும்கிறத குனிஞ்சு நாத்து ஊன்றதோட சேத்து வச்சிருக்காங்க, நிமுந்து அடுத்த பிடி எடுக்கறப்பதான் மூச்சு. வருஷக்கணக்கா "வயித்துலேர்ந்து மூச்சு எடு"ன்னு நான் சொல்லியும் புரியாதத பசங்க அன்னிக்குப் பத்து நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டாங்க. இப்ப வயல்ல மிஷின் நடவு, பாட்டு வீட்டுத் திண்ணையிலதான் கெடக்கு, அந்தம்மா காலத்துக்குள்ள பசங்க வாங்கிக்கிட்டா உண்டு.

பொண்ணுங்க விஷயம் ஒன்னு சொல்லணும். ஏழாவது எட்டாவதுல வயசுக்கு வந்ததும் "இனிமே மேடை வேணாம் டீச்சர்"னு வீட்டுலேர்ந்து சொல்லி அனுப்புறாங்க. ஒரு அம்மா அப்படித்தான் வந்தாங்க, நான் வாதாடல, "இன்னிக்கு ரிகர்சல் மட்டும் ஒக்காந்து பாருங்கக்கா"ன்னேன். பாத்துட்டு ஒன்னும் பேசாம போனாங்க, மறுநாள் பொண்ணு வந்துடுச்சு, வெண்ணாறு பார்ட்டு இப்ப அதுதான் பண்ணுது.

பசங்க பாடி நடிக்குறது ஒன்னும் புது விஷயமும் இல்ல, வெளியூர்லேர்ந்து வந்த விஷயமும் இல்ல. மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளம் இன்னிக்கும் நடக்குது, பாட்டு ஆட்டம் வசனம் எல்லாம் சேந்த நாடகம், தலைமுறை தலைமுறையா அப்பா கிட்டேர்ந்து புள்ள கத்துக்குது. சீர்காழி அருணாசலக் கவிராயர் ராமாயணத்தையே கீர்த்தனையா, நாடகமா எழுதுனாரு, மெட்டு போட்டது சட்டநாதபுரத்துல இருந்த அவரோட சிஷ்யங்க ரெண்டு பேரு. ஒருத்தர் எழுத ரெண்டு பேர் மெட்டு போட, இப்படித்தான எங்க பசங்களும் பண்றாங்கன்னு எனக்குத் தோணும். திருவையாத்துல தியாகராஜர் ஆராதனைக்குக் கூட்டம் கூட்டமா போறோம், அவரு இசை நாடகமும் எழுதியிருக்காருங்கிறது எத்தன பேருக்குத் தெரியும். இவ்வளவும் நடந்த மண்ணுல ஸ்கூல் மேடையில மட்டும் பென் டிரைவ் பாடுது.

சட்டத்துலயும் எடம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, ஆறு முதல் எட்டு வரைக்கும் 100 புள்ளைங்களுக்கு மேல இருந்தா கலைக் கல்விக்குப் பகுதி நேர பயிற்றுநர் இருக்கணும்னு போட்டிருக்கு. நம்ம மாநிலத்துல 2012ல ஓவியம், உடற்கல்வி, இசை, தையல்னு பல பாடத்துக்கும் சேத்து 16,549 பேர மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க, அப்புறம் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு, ஆனா இன்னமும் பகுதி நேரம்தான். அத்தன பேருல பாட்டு டீச்சர் கொஞ்சப் பேர்தான், பக்கத்து ஸ்கூல்ல கேட்டா எங்களுக்கு இல்லன்னுதான் சொல்றாங்க. இருக்குற எடத்துலயும் பரீட்சை நெருங்குனா மொதல்ல கணக்குக்கு எடுத்துக்குறது பாட்டு பீரியடத்தான். 2022லேர்ந்து கலைத் திருவிழா நடக்குது, அது நல்ல காரியம், மனசாரச் சொல்றேன், கிராமத்துப் புள்ளைங்க மாவட்டம் வரைக்கும் போய் மேடை ஏறுதுங்க. ஆனா போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப நல்லா பாடுற ரெண்டு புள்ளைய மட்டும் தேர்ந்தெடுத்து தயார் பண்ணுனா மிச்சம் நாப்பது புள்ளைக்கு என்ன கெடைக்கும். மார்க் போடுறவங்களும் எட்டாவது பையன் குரல் ஒரு எடத்துல பிசிறுனா அதுக்காகக் கொறைக்காதீங்க, அது தப்பு இல்ல, வளர்றான்.

உங்க பேப்பர் மூலமா நான் கேக்குறது இதுதான். ஒவ்வொரு ஸ்கூலும் அடுத்த ஆண்டு விழாவுல ஒரே ஒரு நிகழ்ச்சியாவது பென் டிரைவ் இல்லாம, பசங்களே பாடி நடிக்குற மாதிரி வைக்கட்டும், பத்து நிமிஷம் போதும். பாட்டு டீச்சர் இல்லாத ஸ்கூலுக்கு திருவையாறு இசைக் கல்லூரி பசங்களும் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறை பசங்களும் மாசத்துக்கு ரெண்டு நாள் போய் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணுனா அவங்களுக்கும் அது நல்ல பயிற்சி. ஊர்ல இருக்குற நாயனக்காரர், கூத்துக்காரர், நடவு சீனுக்கு வந்த அந்த அப்பாயி மாதிரி நடவுப் பாட்டு தெரிஞ்சவங்க, இவங்கள ஸ்கூலுக்குக் கூப்பிட ஹெட்மாஸ்டரோட ஒரு வார்த்தை போதும். சவுண்ட் சர்வீஸ்காரங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள், பசங்க பாடறப்ப எக்கோவ கொறைச்சிடுங்க, அவங்க குரலே அவங்களுக்குக் கேக்காம கத்த ஆரம்பிச்சிடறாங்க, மறுநாள் தொண்டை கட்டிக்குது.

எங்க ரிகர்சல் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். உங்க நிருபர் யாராச்சும் வந்தா சந்தோஷம், போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி தாத்தா பாட்ட முழுசா ஒரு தடவை கேட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பகுதி நேர பாட்டு டீச்சர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.