தண்ணீர்க் கோட்டுக்கு மேலே பார்

பினாங்கு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. கெப்போங் வீட்டுத் தோட்டத்தில் நீ வைத்த பறவைத் தொட்டியில் மெர்போக் புறா குளிக்க வருகிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றியும் கொசுப்புழு நெளிகிறது என்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

கொட்டி ஊற்றினால் பாதி வேலைதான் முடிகிறது. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் விடாது. தண்ணீர் நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். தொட்டியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார். கடுகைவிடப் பொடியாக, கொஞ்சம் நீளவாக்கில், கறுப்புப் புள்ளிகள் தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. உங்கள் ஊரில் சாயங்கால மழை கொட்டி நீர்மட்டம் ஏறினால் நனைந்து பொரிந்துவிடும். நம் வெயிலுக்கு ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதனால் மழையே தொட்டியைக் கழுவிவிடும் என்று நம்பாதே.

நாரில் தேய்த்தால் போதாது, கெட்டி நைலான் பிரஷ் வேண்டும். கம்பி பிரஷ் கூடாது, சிமெண்டில் கீறல் விழுந்து அதற்குள் பாசி பிடிக்கும். அடியைவிட அந்தக் கோட்டையும் அதற்கு மேல் இரண்டு விரற்கடையையும்தான் அழுத்தித் தேய்க்க வேண்டும். இதை இரண்டு நாளைக்கு ஒருமுறை செய். தேய்த்த தண்ணீரை லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) ஊற்றாதே, அங்கே நீர் தேங்கினால் புழு பிழைத்துக்கொள்ளும். வெயில் படும் மண்ணிலோ புல்லிலோ ஊற்று.

வாரம் ஒருமுறை குளோராக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) கழுவல். முதலில் பாசியையும் எச்சத்தையும் தேய்த்து எடுத்துவிடு. அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்தின் வலு அழுக்கிலேயே தீர்ந்துபோகும். ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அதாவது 100 மில்லிக்கு 900 மில்லி. விளிம்புவரை நனைத்துப் பத்து நிமிடம் விடு. அதுவரை தட்டு போட்டு மூடிவை, பறவை குடித்துவிடக் கூடாது. பிறகு வாசனை போகும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடு. இப்படிக் காயவிடுவதை மறந்துவிடாதே. புறாக்களின் வாயில் வரும் ஒரு நோய்க்கிருமி தண்ணீர் வழியாகவும் பரவும், ஈரம் இல்லாவிட்டால் அது செத்துவிடும்.

வினிகர் போடலாமா என்று கேட்டிருந்தாய். உன்னுடையது சிமெண்ட் தொட்டி, வினிகர் அதை அரித்துச் சொரசொரப்பாக்கும், பாசிக்கு அதுவே இடம். பளபளப்பான பீங்கான் என்றால் போடலாம். ஆனால் குளோராக்ஸும் வினிகரும் எந்தக் காரணத்துக்கும் ஒன்றுசேரக் கூடாது, விஷவாயு கிளம்பும். சவர்க்காரமும் வேண்டாம். மிச்சம் ஒட்டியிருந்தால் இறகில் உள்ள எண்ணெய்ப் பசை போய், மழையில் பறவை நனைந்துவிடும்.

மூன்றாம் நாளே பச்சை படிகிறது என்றால் வெயில் அதிகம். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்று. புதருக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே இருக்கட்டும், பூனை பதுங்கி வரும். நடுவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வழுக்காமல் நிற்க ஒரு தட்டைக் கல் போடு. கழுவும்போது அதையும் புரட்டித் தேய்.

முக்கியமானதை இப்போதுதான் சொல்கிறேன். தொட்டியைத் தூணிலிருந்து தூக்கிப் பார். தூண் உள்ளே குழிவாக இருந்தால் மழைத் தண்ணீர் அதில் இறங்கி நிற்கும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் கொசு அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் புழு தெரிந்துவிடும். குழியை மணலால் நிரப்பி, மேலே சிமெண்ட் பூசி மூடிவிடு. நம் நாட்டின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு, அது உனக்கே தெரியும். அதைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டிங்கி வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

உப்பிய இறகோடு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் தொட்டியைக் காலி செய்து இரண்டு வாரம் மூடிவை. கழுவும்போது கையுறை போட்டுக்கொள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு.

தீபாவளிக்கு ஈப்போ போகும்போது தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போ. தூணுக்குள் என்ன இருந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சாந்தி