அந்த ட்ரை ஸ்கொயரைத் திருப்பிக் குடுடா

டேய் சம்பத்து,

ஆறு மாசமா பதிலே போடலைன்னு திட்டாத, திட்டறதா இருந்தா நேர்ல வந்து திட்டு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்காங்க. பட்டறையும் ஓடுது, ஓடுதுன்னா உருளுது.

போன வாரம் ஒரு பையன் வேலைக்கு வந்தான், மெக்கானிக்கல் டிப்ளமோ, 86 பர்சன்ட். இரும்பு ஊத்தற அச்சுக்கு வெக்கிற மோல்டிங் மணல்ல ஒரு பிடி குடுத்து ஈரம் பாருடான்னேன், மோந்து பாக்கறான்டா! நம்ம மாஸ்டர் இருந்திருந்தா அவனை விட்டுட்டு என்னை அடிச்சிருப்பாரு. முதல் நாளே சொல்லுவாரே, இறுக்கிப் பிடி, கையை விரி, விரல் தடம் அப்படியே நிக்கணும், ஒடச்சா உதிராம ரெண்டா ஒடையணும்னு. ஈரம் ஏறிடுச்சுன்னா ஊத்தி எடுக்கற காஸ்டிங் முழுக்க ஓட்டை. இந்தப் பையன் மூணு வருஷப் படிப்புல ஒரே ஒரு தடவைதான் மணலைத் தொட்டேங்கறான், அதுவும் ரெக்கார்டு நோட்ல கையெழுத்து வாங்கறதுக்கு.

அன்னிக்கு தூக்கமே வரல, நம்ம கோயமுத்தூர்க் கதையெல்லாம் தேடிப் படிச்சேன். பிஎஸ்ஜி அண்ணன் தம்பி நாலு பேரு 1926ல சொத்தை அஞ்சு பங்கா போட்டு ஒரு பங்கை தர்மத்துக்கு விட்டாங்கள்ல, அதே வருஷம் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். பம்பு, மோட்டாருன்னு செஞ்சு வித்துட்டே பசங்களுக்கு தொழில் கத்துக்குடுத்த எடம்டா அது, இன்ஜினியரிங் காலேஜ் வந்தது 1951ல தான். நடுவுல நீலகிரி பைக்காரா அணைக் கரண்ட் வந்து மில்லு பெருகி, கெணத்துல மாடு பூட்டி தண்ணி எறைக்கற கவலை போயி மோட்டார் ஏறுன காலம், கை வேலை தெரிஞ்ச ஆளுக்கு எப்படி அலைஞ்சிருப்பாங்கன்னு யோசி.

ஜி.டி.நாயுடு இன்னும் ஒரு படி மேல. 1945ல ஆர்தர் ஹோப் பேர்ல காலேஜ் வெச்சாங்களே, இப்ப ஜிசிடிங்கற கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ், அதுல நாலு வருஷப் படிப்பு வேஸ்ட், ரெண்டு வருஷம் போதும்னு மல்லுக்கட்டி, கவர்மென்ட் ஒத்துக்கலைன்னதும் வெளிய வந்துட்டாரு. நீ அப்பவே இதத்தான் சொன்ன, ஆனா நீ சொன்னது கட் அடிக்கறதுக்கு!

எனக்கென்னமோ வருஷக் கணக்கு பெருசாத் தெரியல சம்பத்து. பட்டறைக்கும் படிப்புக்கும் நடுவுல செவுரு வந்துருச்சு, அதுல நாலு செங்கல் என்னோடது. காலேஜ்காரங்க டிரெய்னிங்குக்கு பசங்களை அனுப்பட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டு வந்தாங்க, எடமில்லைன்னு அனுப்பிட்டேன். எடம் இருந்துச்சுடா.

பையனை சேத்துக்கிட்டேன். மணல் பிசையறான், அடுத்த வாரம் அரம் போடற ஃபைலிங் வேலை. அதனால நீ லவட்டிட்டுப் போன, மூலை நேரா இருக்கான்னு பாக்கற என் ட்ரை ஸ்கொயரை ஒழுங்கா கொரியர்ல அனுப்பு.

உன்
மூர்த்தி